இருபத்தொன்றாம் தேதிப் பலகை

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை, வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயரைப் பாதி எழுதியிருந்தபோது குருநாதன் அண்ணனின் மகள் சுபஸ்ரீ வந்து என் பின்னால் நின்றாள். பெருமாள்மலை ஜீப் ஸ்டாண்டில் என் பின்னால் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம், பொது இடம்தான். ஆனால் நவம்பர் மாதத்தில் இந்தப் பெண்ணைப் பார்த்தால் நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"எழுதி முடிங்க சித்தப்பா. அவசரமில்ல."

'மறைவு: 1936' என்று எழுதி முடித்துவிட்டு, முடித்த எழுத்தையே அழித்து இன்னொரு தடவை எழுதினேன். நேரம் கடத்தத்தான்.

ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர். எந்த ஜீப் முதலில் போகிறது, எது அடுத்தது என்று கரும்பலகையின் இடது பாதியில் எழுதுவேன். டிரைவர்கள் தினமும் என்னோடு சண்டை போடுவார்கள், நானும் சளைக்க மாட்டேன். வலது பாதி என் சொந்தச் சரக்கு. இன்றைய தேதியில் முன்பு எப்போதோ யார் பிறந்தார், யார் இறந்தார், எங்கே என்ன நடந்தது என்று நாலைந்து வரி. யாரும் கேட்டு எழுதவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் சண்முகராஜ் தினமும் கடை திறந்ததும், "இன்னைக்கு யாருலே சாவு?" என்று கேட்டுவிட்டுத்தான் பாய்லர் பற்றவைப்பான். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாகப் பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போகும். வாட்ஸப்பில் வருவதை அப்படியே எழுதுகிற ஆள் இல்லை நான். மூன்று இடத்தில் பார்த்து, மூன்றும் ஒத்து வந்தால்தான் சாக்பீஸைத் தொடுவேன்.

தேதி விஷயத்தில் என்னிடம் தப்புக் கண்டுபிடித்தவன் இந்த மலையில் கிடையாது. ஆனால் ஒரு தப்பு இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுபஸ்ரீ ஒரு காகிதத்தை நீட்டினாள். அவளுக்கு இப்போது இருபத்து நாலு வயது, கொடைக்கானலில் அரசாங்க வேலை. பண்ணைக்காட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் தினமும் என் பலகையை ஒரு நோட்டில் எழுதி எழுதி, அதை வைத்தே பரீட்சை எழுதித் தேறினவள். அதை எல்லாரிடமும் சொல்லுவாள். அதனாலும் எனக்கு அவளைப் பார்க்கக் கூச்சம்.

காகிதத்தில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

ஆ. குருநாதன், பண்ணைக்காடு.
தோற்றம்: 1-6-1966.
மறைவு: 20-11-2006.

"அப்பா விழுந்த வளைவுல ஒரு கல்லு வைக்கப் போறோம் சித்தப்பா. நாளைக்கு வத்தலக்குண்டுல வெட்டுறாங்க. நாளன்னைக்கு நட்டுருவோம். இந்த வருசம் அப்பா எறந்த தேதியும் திதியும் ஒரே நாள்ல வருது, பாத்தீங்களா?"

பார்த்தேனாவது! ஜனவரியில் புதுக் காலண்டரை மாட்டிய அன்றே முதலில் திருப்பிப் பார்த்த தாள் அதுதான். இங்கிலீஷ் தேதி ஓர் இடத்தில் நிற்கும், திதி நடந்துகொண்டே இருக்கும். குருநாதன் அண்ணன் இறந்தது கார்த்திகை அமாவாசை என்று அவர் வீட்டில் கணக்கு. அது ஒரு வருஷம் டிசம்பரில் வரும், ஒரு வருஷம் நவம்பர் கடைசியில் வரும். 2014-இல் நவம்பர் இருபத்திரண்டுக்கு வந்தது, 2017-இல் பதினெட்டுக்கு. இரண்டு முறையும் இரண்டு நாள் வித்தியாசத்தில் தப்பினேன். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை தேதியும் திதியும் திரும்ப ஒன்றாகச் சேரும் என்று படித்த நாளிலிருந்தே, அந்த வருஷம் பெரிதாகச் செய்வார்கள், என்னையும் கூப்பிடுவார்கள் என்று 2025 எனக்குப் பயம்தான்.

"இந்த ஜூன் ஒண்ணு?" என்றேன், வேறு எதையாவது பேச வேண்டுமே என்று.

"அது ஸ்கூல் சர்டிபிகேட்ல உள்ளது. நெஜப் பொறந்தநாள் யாருக்குத் தெரியும்?"

எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார், "என்னைக்குப் பொறந்தான்?" என்று கேட்பார். "பெருமழை பேஞ்ச வருசங்க" என்பார்கள். வாத்தியார் பையனின் உயரத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டு, ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். சர்டிபிகேட்டை நம்பினால் பண்ணைக்காட்டில் அந்த ஒரு நாள் மட்டும் மருத்துவச்சிக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது. நானே ஜூன் ஒன்றுதான்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பொறந்தநாள்தான் வாத்தியார் வச்சது. எறந்தநாளாச்சும் சரியா இருக்கணும்ல சித்தப்பா. அதான் உங்ககிட்ட காட்டிட்டு வெட்டக் குடுப்போம்னு வந்தேன். சரிதானே?"

ஒரு வார்த்தை, "இல்லம்மா" என்று சொல்லியிருந்தால் போதும்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அம்மா உங்கள அவசியம் வரச் சொன்னாங்க. பத்தொம்பது வருசமா ஒரு திதிக்கும் வரல, இதுக்காச்சும் வரச் சொல்லுன்னாங்க." பஸ் ஏறப் போனவள் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் சித்தப்பா. பரீட்சையில தும்பாவுல மொத ராக்கெட்டு விட்டது எப்பன்னு கேட்டாங்க. விட்டுட்டேன். நவம்பர் இருபத்தொண்ணு, அறுபத்துமூணு. உங்க போர்டுல இருந்திருந்தா எழுதியிருப்பேன். ஏன் அந்த ஒரு தேதிக்கு மட்டும் ஒண்ணுமே எழுத மாட்டேங்கிறீங்க?"

"அன்னைக்கு எனக்கு லீவு" என்றேன். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. என்னுடைய சாக்பீஸ் கைக்குள்ளேயே நொறுங்கிக் கிடந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கே என்மீது எரிச்சல் வருகிறது.

2006-இல் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். நவம்பர் இருபது, திங்கட்கிழமை, மூன்று நாளாக விடாத மழை. குருநாதன் அண்ணன் மலைவாழைத் தார்களை மண்டியில் போட்டுவிட்டு, சுபஸ்ரீக்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப ஸ்டாண்டுக்கு வந்தார். வேறு ஆள் இல்லை. "ஒத்த ஆளுக்கு எடுப்பியாலே?" என்றார். எடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு அந்த வளைவில் மேலேயிருந்து மண் சரிந்து ஜீப்பைத் தள்ளியது. நாங்கள் கீழே காப்பித் தோட்டச் சரிவில் போய் விழுந்தோம். நான் வெளியே வீசப்பட்டேன், தோள்பட்டை எலும்பு போய்விட்டது. அவர் ஜீப்புக்கு அடியில் இருந்தார். "அண்ணே, அண்ணே, அண்ணே" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. பத்தடி தள்ளி நின்றுதான் கூப்பிட்டேன். கிட்டப் போகவில்லை. தொடப் பயம்.

மேலே ஏறி, ரோடு அறுந்த இடங்களைச் சுற்றி நடந்து, எட்டு மணிக்குப் பெருமாள்மலை வந்து சேர்ந்தேன். ஜீப் விழுந்ததைக் கேட்டதும் ஸ்டாண்டில் பத்துப் பேர் கயிறும் டார்ச்சுமாகக் கிளம்பத் தயாராக நின்றார்கள். "உசுரு இருக்கா?" என்று கேட்டார்கள். "இல்ல" என்றேன். "தொட்டுப் பாத்தியாலே?" என்று கேட்டது சண்முகராஜ். "பாத்தேன்" என்றேன். கயிற்றை எடுத்தவர்கள் கீழே வைத்தார்கள். மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது, பிணத்துக்காக இன்னொரு உயிரைக் கொடுக்க முடியாது, விடிந்ததும் போகலாம் என்று முடிவானது. அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதை நம்பினார்கள்.

விடிந்து போனோம். எனக்கு இடம் தெரியும் என்பதால், தோளில் கட்டோடு நான்தான் முதலில் சரிவில் இறங்கினேன். ஆறரை மணி, எங்கும் மூடுபனி. குருநாதன் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

அவர் இரண்டு வரிதான் பேசினார். அதை அப்புறம் சொல்கிறேன். மற்றவர்கள் செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சறுக்கி இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் கைக்கடிகாரம் உடைந்து ஐந்து பத்தில் நின்றிருந்தது. பார்த்த எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. நானும் ஆமாம் ஆமாம் என்றேன். மண்சரிவு விபத்து என்று வழக்கு முடிந்தது. எல்லாக் காகிதத்திலும் இருபதாம் தேதி ஏறியது. திதி கேட்டபோது அமாவாசை என்றார்கள். அமாவாசை இருபத்தொன்று விடியுமுன்பே கழிந்துவிட்டிருந்தது. அவர் இறந்தது இருபத்தொன்று காலை, வளர்பிறைப் பிரதமை. கயிற்றோடு ராத்திரியே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கிறுக்கு மாதிரி ஒரு பழக்கம் மட்டும் பிடித்துக்கொண்டது. நவம்பர் இருபத்தொன்றில் உலகத்தில் வேறு யார் செத்தார்கள் என்று தேடினேன். சி.வி.ராமன் செத்திருந்தார், 1970-இல். அவ்வளவு பெரிய மனுஷன் போன நாளில்தான் எங்கள் அண்ணனும் போனார் என்று நினைத்தால் ஏதோ கொஞ்சம் ஆறுதல். அப்படியே இருபது, இருபத்திரண்டு என்று வருஷம் முழுக்கப் பரவிப் பலகைக்கு வந்துவிட்டது. எது தொடங்கிவைத்ததோ அந்தத் தேதியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. ராமனை எழுதினால் கீழே குருநாதனையும் எழுத வேண்டும். அதனால் வருஷா வருஷம் அன்றைக்கு வலது பாதியை ஈரத்துணியால் துடைத்து வெறுமனே விட்டுவிடுவேன்.

பத்தொன்பதாம் தேதி எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகையில் இந்திரா காந்தி பிறந்ததை எழுதினேன், கீழே உலகக் கழிப்பறை தினம் என்று எழுதினேன். சண்முகராஜ் கடை வாசலிலிருந்தே, "கரெக்டா இன்னைக்குப் பாத்து ஸ்டாண்டு கக்கூசுல தண்ணி இல்ல, அதையும் எழுதுலே" என்று கத்தினான். டிரைவர்கள் சிரித்தார்கள். நான் அவனைக் கண்டபடி பேசிவிட்டேன். அவன் பாவம், டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்த டீயை நான் குடிக்கவில்லை. ஒரு ஜீப்பை முறை மாற்றி அனுப்பி, அதற்கும் ஒரு சண்டை. இந்நேரம் வத்தலக்குண்டில் ஒருவன் உளியை எடுத்திருப்பான் என்ற நினைப்பு விடவில்லை. சாக்பீஸில் எழுதினதைத் துடைக்கலாம். கல்லில் எழுதினால் என்ன செய்வது?

பதினொரு மணிக்குப் பலகையைச் சண்முகராஜிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். பண்ணைக்காட்டில் இறங்கி, ஊருக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் அன்னக்கொடி மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன். குருநாதன் அண்ணனின் மனைவி. தார்ப்பாயில் காப்பிப் பழத்தைப் பரப்பி, பச்சையைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வா பழனி" என்றார், நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி. "என்ன சோலியா வந்த?"

"சும்மாதான் மதினி."

"சும்மாவா? பத்தொம்பது வருசமா இந்தப் பக்கமே வராத ஆளு சும்மா வந்திருக்க." காப்பி போட்டுக் கொடுத்தார். நான் குடிக்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது கோபத்தைத் தந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"மதினி" என்று தொடங்கினேன். அப்போது பார்த்து அவர் போன் அடித்தது.

"ஆமாங்க, கல்லு விசயந்தான். எம் மக குடுத்த பேப்பர் இருக்கட்டும். நான் நேத்து போன்ல சொன்னேன்ல, அப்படியே வெட்டுங்க. ஆமா. அத மட்டும் விட்டுருங்க." போனை வைத்துவிட்டு, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றார்.

"காப்பி நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்."

மதினி டம்ளரை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு வெள்ளனே வந்துரு. அமாவாச பன்னெண்டேகாலு வரைக்கும்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இருபதாம் தேதி. பலகை எழுதாமல் கிளம்பலாம் என்று பார்த்தேன், கை கேட்கவில்லை. உலகக் குழந்தைகள் தினம். இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் கல்யாணம், 1947. விண்வெளி நிலையத்தின் முதல் துண்டு மேலே போனது, 1998. கடைசியாகத் திப்பு சுல்தான் பிறப்பு, 1750 என்று எழுதி, பக்கத்தில் 'ஒரு கணக்குப்படி' என்று சேர்த்தேன். இன்னொரு கணக்குப்படி அவர் அடுத்த வருஷம் டிசம்பர் ஒன்றில் பிறந்தார். எழுதும்போது எனக்குள் ஒரு வக்கீல் பேசினான். அவ்வளவு பெரிய ராஜாவுக்கே பிறந்தநாள் இரண்டு இருக்கிறது, பண்ணைக்காட்டு வாழை விவசாயிக்கு இறந்தநாள் ஒரு நாள் முன்னே பின்னே போனால் யாருக்கு என்ன நஷ்டம்? நன்றாகத்தான் வாதாடினான். ஆனால் திப்பு பிறந்ததைப் பார்த்தவர் யாரும் இன்றைக்கு உயிரோடு இல்லை. குருநாதன் அண்ணன் இறந்ததைப் பார்த்தவன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சாக்பீஸை வழக்கம்போலச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வளைவில் இறங்கியபோது மணி பத்து. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அங்கே கால் வைக்கிறேன். ரோட்டோரத்தில் புதுச் சிமெண்டுப் பீடம், அதன்மேல் மஞ்சள் துணி போர்த்திய கல். வேலையாட்கள் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மதினியும் சுபஸ்ரீயும் மட்டும்தான் நின்றார்கள். இலையில் சாதம், எள்ளுருண்டை, அண்ணனுக்குப் பிடித்த மலைவாழைப்பழம் எல்லாம் வைத்திருந்தது. பனி கீழேயிருந்து ஏறி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. சரிவில் காப்பிச் செடிகள் தழைத்துக் கிடந்தன, ஜீப் கிடந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்றேன்.

"மத்தவங்கள மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிட்டேன்" என்றார் மதினி. "இங்க நாம மூணு பேரு போதும்."

சூடம் ஏற்றினார். சுபஸ்ரீ துணியை எடுத்தாள். கறுப்புக் கல், நல்ல பளபளப்பு. முதல் வரி குருநாதன் அண்ணனின் பெயர், அடுத்தது தோற்றம், ஜூன் ஒன்று. அதற்குக் கீழே 'மறைவு' என்று வெட்டி, இரண்டு புள்ளி வைத்திருந்தது. புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அய்யோ, தேதிய விட்டுட்டாங்கம்மா!" என்று சுபஸ்ரீ பதறினாள். "நான் எழுதிக் குடுத்தேனே, சித்தப்பாகூடச் சரின்னு சொன்னாங்களே..."

"நான்தான் விடச் சொன்னேன்" என்றார் மதினி. குரல் உயரவே இல்லை. "அத எழுதறவரு இப்பத்தான் வந்திருக்காரு."

நான் பீடத்திலிருந்து ஓரடி பின்வாங்கினேன்.

"மதினி..."

"அன்னைக்குக் காலைல இதே எடத்துலதான் நின்னேன் பழனி. எட்டு மணிக்கு அவரத் தூக்கிட்டு வந்து இந்த ரோட்டுல வச்சாங்க. தொங்குன கைய எடுத்து நெஞ்சுல மடிச்சு வச்சேன். வெறைக்கல, மடங்குச்சு. அக்குள்ல கைய விட்டா சூடு இருந்துச்சு. ராத்திரி முச்சூடும் மழைல செத்துக் கெடந்த ஒடம்புல சூடு எப்படி இருக்கும்? எனக்குப் படிப்பு இல்ல. ஆட்டுக்குட்டி செத்து எம்புட்டு நேரமாச்சுன்னு தொட்டாச் சொல்லிருவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அன்னைக்கு என் மூஞ்சியப் பாக்கல. அப்பறம் இவ நோட்டுல ஒன் போர்டைத் தெனம் எழுதி வைப்பா. வருசா வருசம் அமாவாச எப்ப வந்தாலும், நவம்பர் இருபத்தொண்ணு பக்கம் மட்டும் வெள்ளையாக் கெடக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாட்டாலும் வெள்ளைய வாசிக்கலாம்ல?"

"ஏன் மதினி கேக்கல? என்னைய இழுத்து வச்சுக் கேட்டிருக்கலாம்ல?" கேட்டதும் எனக்கே அசிங்கமாக இருந்தது. என் தப்புக்கு அவரைக் கோபித்துக்கொள்கிறேன்.

"கேட்டா இல்லன்னு சத்தியம் பண்ணிருப்ப. ஒரு பொய்யத் தூக்குறவனுக்கு ரெண்டு பொய்ய ஏன் குடுக்கணும்னு விட்டேன். நேத்து வாசல் வரைக்கும் வந்த. சொல்லிருவன்னு பாத்தேன். காப்பி நல்லாருக்குன்ன."

சுபஸ்ரீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். பத்தடி தள்ளி நின்றதைச் சொன்னேன், தொடாததைச் சொன்னேன், ஸ்டாண்டில் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னதைச் சொன்னேன். அவர்கள் கயிற்றைக் கீழே வைத்ததையும் சொன்னேன். ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது, தெரிந்த டிரைவர் கையாட்டினான். நான் கையாட்டவில்லை.

"அப்ப ராத்திரியே கயித்தோட போயிருந்தா?" என்றாள் சுபஸ்ரீ.

"தெரியலம்மா."

"தெரியலயா?" அவள் கிட்ட வந்து நின்றாள். "எல்லாத் தேதியும் தெரியும். இது தெரியலயா ஒங்களுக்கு?" சித்தப்பா என்ற சொல் அதில் இல்லை. திரும்பிக்கொண்டு மலைப்பக்கம் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன், மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ அழட்டும். நீ மீதியச் சொல்லு. நீ எறங்குனப்ப உசுரு இருந்துச்சுல்ல? எதாச்சும் பேசுனாரா?"

இதைத்தான் நான் இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"மணி என்னன்னு கேட்டாரு மதினி. வாட்ச்சு ஒடஞ்சு போயிருந்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

"ஆறரைண்ணேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

சிமெண்டுப் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "'வெரசா வந்துட்டியே பழனி'ன்னாரு. அம்புட்டுத்தான். நான் போய் ஒரு மணி நேரந்தான் ஆச்சுன்னு நெனச்சுட்டாரு. மூடுபனில வெளிச்சம் சாயங்காலம் மாதிரியே இருந்துச்சு. அன்னைக்கேதான்னு நெனச்சுக்கிட்டாரு. ராத்திரி முழுக்கத் தனியாக் கெடந்தது அவருக்கே தெரியல போல. நான் சொல்லல மதினி. காலைல ஆறரைன்னு நான் சொல்லல."

மதினி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சூடம் எரிந்து முடிந்தது. சுபஸ்ரீ வந்து அம்மாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், என்னைப் பார்க்கவில்லை.

"நான் பெரதமைக்கும் ஒரு எலை போட்டுக்கிட்டுத்தான் வாரேன்" என்றார் மதினி கடைசியில். "அமாவாசைக்கு ஊருக்காக ஒண்ணு. மறுநாள் எனக்காக ஒண்ணு. சோறு அவருக்குப் போய்ச் சேந்துருக்கும், அதப் பத்தி நீ கவலப்படாத." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. "அவரு கணக்குல நீ வெரசா வந்துட்ட. என் கணக்குல நீ வந்து சேரப் பத்தொம்பது வருசமாயிருச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பையில சாக்பீஸ் வச்சிருப்பியே" என்றார். "எழுது. வெட்டுறவரு நாளைக்கு வருவாரு. ஒன் எழுத்து மேலயே வெட்டட்டும்."

சாக்பீஸை எடுத்தேன். கல்லில் ஈரம் பூத்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தேன், துடைத்த இடத்தில் மறுபடி பூத்தது. சுபஸ்ரீ கல்லைப் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு விலகிக்கொண்டாள். 21-11-2006 என்று எழுதினேன். பக்கத்தில் 6.30 என்று போட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.

மதினி எழுந்து கிட்ட வந்து அந்த எண்களை ஒரு விரலால், தொடாமல், ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார்.

"காலைன்னும் எழுது பழனி" என்றார். "அவருக்குத்தான் தெரியாமப் போச்சு."

எழுதினேன்.